புது சப்வூஃபர் மாட்டியாச்சு, பேஸ் மட்டும் காணோம்: எந்த வைத்தியம் எத்தனை டெசிபல் தரும்?

காரில் 12 அங்குல சப் (பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர்), 500 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி. எல்லாம் மாட்டி முடித்துப் பாட்டைப் போட்டால், பழைய கதவு ஸ்பீக்கரே தேவலை என்கிற மாதிரி இருக்கிறது. உடனே வரும் யோசனை, "ஆம்ப் போதாது, இன்னும் பெரிசா வாங்கணும்." பெரும்பாலும் பணம் வீணாவது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். வாட் இரு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). 250 வாட் ஆம்பைக் கழற்றிவிட்டு 500 வாட் மாட்டினால் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. (இங்கே வாட் என்பது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடியது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் 1200, 2000 எல்லாம் கண நேர உச்சம். அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.) ஆக, காசு கொட்டி வாங்கும் வைத்தியத்தின் மதிப்பு 3 டெசிபல். மற்ற வைத்தியங்களை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஃபேஸ் சுவிட்சா, ஒயரை மாற்றுவதா?

புதிதாக மாட்டிய சிஸ்டத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபேஸைத்தான், அதாவது ஸ்பீக்கர்கள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசைகின்றனவா என்பதை. கதவு ஸ்பீக்கரின் கோன் வெளியே தள்ளும் நேரத்தில் சப்பின் கோன் உள்ளே இழுத்தால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஊஞ்சலை ஒருவர் தள்ளும்போது எதிர்ப்பக்கம் இன்னொருவர் பிடித்து நிறுத்துவது போலத்தான். பேஸில் அந்த "தம்" என்ற அடி இருப்பதும் இதே பகுதியில். அதனால் சப் ஓடுகிறது, டிக்கி அதிர்கிறது, முன்சீட்டில் மட்டும் ஒன்றுமில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஸ்டீரியோவில் கதவு ஸ்பீக்கருக்கான ஹை பாஸ் ஃபில்டரை (குறிப்பிட்ட அலைவரிசைக்குக் கீழே உள்ளதைத் தடுப்பது) 60லிருந்து 120 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். கதவிலிருந்து வரும் பேஸைக் குறைக்கிறீர்கள், ஆகவே மொத்த பேஸ் குறைய வேண்டும். மாறாகக் கூடினால், இரண்டும் மோதிக்கொண்டிருந்தன என்று அர்த்தம்.

சரி, தீர்வு? ஆம்பிலோ ஸ்டீரியோவிலோ 0/180 சுவிட்ச் இருந்தால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வேறொருவரை அதை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எதில் கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. "0 என்றால்தானே இயல்பு" என்று யோசிக்கத் தேவையில்லை, காது சொல்வதுதான் கணக்கு. சுவிட்ச் இல்லையென்றால் சப் டெர்மினலில் பிளஸையும் மைனஸையும் இடம் மாற்றிப் போட்டால் அதே பலன். ஒரு சப் மட்டும் இருக்கும் காரில் இரண்டு வழியும் ஒன்றுதான், சுவிட்ச் சுலபம். இரண்டு சப் இருந்து, ஒன்றுக்கு மட்டும் ஒயர் தலைகீழாகப் போயிருந்தால் சுவிட்ச் உதவாது, ஏனென்றால் அது இரண்டையும் சேர்த்தே திருப்பும். அப்போது ஒயரைத்தான் பார்க்க வேண்டும். ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, அதன் முனையில் ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டுப் பாருங்கள். பிளஸில் பிளஸ் பட்டதும் கோன் வெளியே துள்ள வேண்டும். ஒன்று வெளியே, மற்றது உள்ளே போனால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

செலவு பூஜ்யம். திரும்பக் கிடைப்பது, மோதல் பலமாக இருந்த அலைவரிசைகளில், ஆம்ப் மாற்றிக் கிடைக்கும் 3 டெசிபலைவிடப் பல மடங்கு.

இரட்டை காயில்: 2 ஓமா, 8 ஓமா?

இப்போது விற்கும் சப்களில் கணிசமானவை இரட்டை வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) கொண்டவை. டெர்மினல் நான்கு இருக்கும். 4 ஓம் காயில் இரண்டைப் பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் மின்தடை 2 ஓம், சீரிஸாக (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்தால் 8 ஓம். ஒரே ஆம்ப், ஒரே வோல்ட்டேஜ் என்றால் 8 ஓமில் கிடைப்பது 2 ஓமில் கிடைப்பதில் கால்வாசி வாட்தான், அதாவது 6 டெசிபல் குறைவு. பெரிய ஆம்ப் தரும் லாபத்தைப் போல இரண்டு பங்கு, ஒரு துண்டு ஒயர் இடம் மாறியதில் போய்விடுகிறது.

இதைவிட மோசம், ஒரு காயிலுக்கு மட்டும் ஒயர் கொடுத்துவிட்டு இன்னொன்றைச் சும்மா விடுவது. அங்கேயும் 6 டெசிபல் போச்சு. அதைவிடவும் மோசம், ஒரு காயிலைத் தலைகீழாக இணைப்பது. இரண்டும் எதிரெதிராக இழுத்து, கோன் அசையவே அசையாது.

அதற்காக 2 ஓம்தான் எப்போதும் சிறந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்து (ஒன்றாகச் சேர்த்து) ஓட்டும் ஆம்ப்கள் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. சூடேறி புரொடெக்ட் விளக்கு எரியும். அப்படிப்பட்ட ஆம்புக்கு 2 ஓம் காயில் இரண்டு கொண்ட சப்பை வாங்கி, சீரிஸாக்கி 4 ஓம் ஆக்குவதுதான் பொருத்தம். மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் என்றால் பெரும்பாலும் 2 ஓம் தாங்கும், சில 1 ஓம் கூட. எதற்கும் ஆம்பின் கையேட்டைப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

ஏற்கெனவே மாட்டியாச்சு, பெட்டியைத் திறக்க மனசில்லை என்றால், ஆம்பிலிருந்து சப் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். இரண்டு 4 ஓம் காயில் பேரலலில் இருந்தால் 2க்குக் கொஞ்சம் கீழே காட்டும். 3.5 பக்கம் காட்டினால் ஒரு காயில் அநாதையாக இருக்கிறது. 7 பக்கம் என்றால் சீரிஸ்.

கெயினா, பேஸ் பூஸ்ட்டா?

கெயின் என்பது வால்யூம் இல்லை என்று எத்தனை பேர் எத்தனை முறை சொன்னாலும், அதை முழுக்கத் திருகுவது நிற்கவில்லை. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் வோல்ட்டேஜுக்கு ஆம்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. ஸ்டீரியோ 4 வோல்ட் தந்தால் கெயின் குறைவாகப் போதும், 2 வோல்ட் தந்தால் கொஞ்சம் ஏற்ற வேண்டும். பேஸ் வரவில்லை என்று புலம்புபவர்களில் ஒரு சாராருக்கு கெயின் அடிமட்டத்தில் இருக்கும், பயந்து வைத்தது. அவர்களுக்கு இது நிஜமான தீர்வு.

அளந்து வைப்பதுதான் முறை. சப் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கு ஏற்றி, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட்டேஜ் பாருங்கள். எத்தனை வோல்ட் வர வேண்டும்? வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட், 2 ஓம் என்றால் 600இன் வர்க்கமூலம், சுமார் 24.5 வோல்ட். அதே 300 வாட் 4 ஓமில் என்றால் 34.6. அந்த எண் வரும் வரை கெயினைத் திருகி, அங்கே விட்டுவிடுங்கள். முழுக்க ஏற்றியும் அந்த எண்ணுக்குப் பாதிகூட வரவில்லையா? அப்போது கோளாறு ஆம்புக்கு முன்னால்: ஆர்சிஏ ஒயர் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவருவது) தவறான துளையில் இருக்கலாம், ஸ்டீரியோ மெனுவில் சப் அவுட்புட் அணைந்திருக்கலாம், சப் லெவல் மைனஸில் கிடக்கலாம்.

பேஸ் பூஸ்ட் குமிழைப் பொறுத்தவரை என் கட்சி தெளிவு: பூஜ்யத்தில் இருக்கட்டும். பெரும்பாலும் அது 45 ஹெர்ட்ஸைச் சுற்றி மட்டும் தூக்கும். 6 டெசிபல் தூக்க நான்கு மடங்கு வாட், 12 டெசிபலுக்கு ஏறத்தாழ பதினாறு மடங்கு. ஆம்பிடம் அவ்வளவு இருப்பு கிடையாது, அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும், காயில் சூடேறும். கேட்பதற்கும் பேஸ் கூடியது போல இருக்காது, "பொத பொத" என்று ஊதும்.

ஃபில்டர்: ஸ்டீரியோவிலா, ஆம்பிலா?

ஏதாவது ஒன்றில் மட்டும். இரண்டிலும் 80 ஹெர்ட்ஸ் லோ பாஸ் (அதற்கு மேலே உள்ளதைத் தடுப்பது) வைத்தால், அந்த 80இல் 3 டெசிபலுக்குப் பதில் 6 டெசிபல் இறங்கும். கூடவே ஃபேஸும் இன்னும் 90 டிகிரி நகர்ந்து, மேலே சொன்ன மோதலுக்கு வழி திறக்கும். ஸ்டீரியோவில் வைப்பது எனக்குப் பிடிக்கும், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே மாற்றிக் கேட்கலாம். அப்போது ஆம்பில் ஃபில்டரை அணைத்துவிடுங்கள், அல்லது கடைசி வரை திருகிவிடுங்கள். இன்னொன்று, ஆம்பில் சப்சோனிக் ஃபில்டர் (மிகக் கீழே உள்ள அலைவரிசைகளைத் தடுப்பது) இருந்தால் 25, 30 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அது 50இலும் லோ பாஸ் 60இலும் நின்றால் இடையில் பாட்டே மிஞ்சாது.

கம்பெனி ஸ்டீரியோவா, பவர் ஒயரா?

இந்த இரண்டும் ஒரே நோய் போலத் தோன்றும். மெதுவாக வைத்தால் பேஸ் நன்றாக இருக்கிறது, வால்யூம் ஏற்ற ஏற்றக் காணாமல் போகிறது.

காரோடு வந்த ஸ்டீரியோக்களில் பல, வால்யூம் ஏறும்போது பேஸைத் தானாகக் குறைக்கும், கதவிலிருக்கும் சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க. அதன் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து கன்வெர்ட்டர் (ஸ்பீக்கர் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) வழியே ஆம்புக்குச் சிக்னல் எடுத்திருந்தால், குறைக்கப்பட்ட பேஸ்தான் வந்து சேரும். ஆம்ப் எவ்வளவு பெரிதானாலும் வராத சிக்னலைப் பெருக்க முடியாது. இதற்கு பேஸைத் திருப்பிச் சேர்க்கும் கன்வெர்ட்டர் அல்லது டிஎஸ்பி (சிக்னலைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) வேண்டும், இல்லையென்றால் ஸ்டீரியோவையே மாற்ற வேண்டும். ஸ்டீரியோ தொடுதிரையோடு ஏசி, ரிவர்ஸ் கேமரா எல்லாம் பின்னிக் கிடக்கும் காரில் டிஎஸ்பிதான் புத்திசாலித்தனம். பழைய காரில் ஸ்டீரியோவை மாற்றுவது சுலபம், ஆர்சிஏ அவுட்டும் கையோடு கிடைக்கும்.

பவர் ஒயர் பிரச்சினை வேறு. 500 வாட் டி-கிளாஸ் ஆம்ப், முழு வீச்சில் 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் 8 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிமன்) செம்பு ஒயரில் அப்போது 0.46 வோல்ட் விழும். 4 கேஜில் 0.18தான். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் என்றால், அதே 8 கேஜில் முக்கால் வோல்ட் வரை போகும். எர்த்தைப் பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தால் இதெல்லாம் அற்பம், அங்கேயே இன்னும் அதிகமாக விழும். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் வைத்தால்தான் அது எர்த்.

எது எது என்று பிரிக்க, என்ஜினை ஓடவிட்டு ஆம்பின் பவர் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்து பேஸ் அதிகமான பாட்டைப் போடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் எண் 13.8லிருந்து 12க்குக் கீழே குதித்தால் ஒயர், எர்த் அல்லது பேட்டரி. எண் அசையாமல் நிற்க, பேஸ் மட்டும் தேய்ந்தால் ஸ்டீரியோ. ஹெட்லைட் மங்குவதும் முதல் வகைக்குத்தான் சாட்சி.

சீல்டு பெட்டியா, போர்ட்டட் பெட்டியா?

காற்றுத் துளை உள்ள போர்ட்டட் பெட்டி அதன் டியூனிங் அலைவரிசையைச் சுற்றிக் கூடுதலாக ஒலிக்கும்; அதற்குக் கீழே ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் வீதம் சரியும். முழுக்க மூடிய சீல்டு பெட்டி 12 வீதம்தான் சரியும், காரின் அடைத்த உட்புறம் கீழ் அலைவரிசைகளைத் தானே தூக்கிக்கொடுக்கும், இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். சத்தம் வேண்டுமென்றால் போர்ட்டட், சுத்தமும் இடமும் வேண்டுமென்றால் சீல்டு. ஆனால் பேஸே வரவில்லை என்பவருக்கு முக்கியமான கேள்வி வேறு: இந்தச் சப்புக்கு இந்தப் பெட்டி ஏற்றதா? 12 அங்குலச் சப்புக்கு சீல்டில் 28 லிட்டர் அளவு போதும், போர்ட்டட் என்றால் அதில் ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். சின்னப் பெட்டியில் ஒரு ஓட்டையைப் போட்டு போர்ட்டட் என்று விற்பது நடக்கிறது. கையேட்டில் உள்ள லிட்டரோடு ஒப்பிடுங்கள். சீல்டு பெட்டியில் கோனை விரல்களால் மெதுவாக அமுக்கி விடுங்கள். சோம்பேறியாகத் திரும்பினால் நல்ல பெட்டி. சட்டென்று திரும்பினால் எங்கோ காற்று ஒழுகுகிறது, பெரும்பாலும் டெர்மினல் தட்டைச் சுற்றி.

பெட்டி மாற்றும் முன் திருப்பிப் பாருங்கள், அது இலவசம். டிக்கி தனியாக இருக்கும் செடானில், பெட்டி பின்சீட்டோடு ஒட்டி முன்னே பார்த்தபடி இருந்து, டிக்கியின் பின்சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், பட்டுத் திரும்பும் அலை இரண்டு மீட்டர் பின்தங்கும். அது 86 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம், அதாவது நேரே போகும் அலைக்கு எதிரி. பெட்டியைப் பின்னால் தள்ளி, கோன் பின்பக்கம் பார்க்கும்படி வைத்தால் அந்த வித்தியாசம் சுருங்கி, மோதல் சப்பின் எல்லைக்கு மேலே போய்விடும். பின்சீட்டை மடக்கியதும் பேஸ் பொங்கி வந்தால் சப்பிலோ ஆம்பிலோ குறையில்லை, சீட்டும் தகரமும் வழியை மறிக்கின்றன. ஹாட்ச்பேக்கில் இந்தத் தொல்லை குறைவு.

"ஓட ஓட சரியாகிடும்" என்று மாட்டிக்கொடுத்தவர் சொன்னால் காத்திருக்க வேண்டாம். புது சப்பின் சஸ்பென்ஷன் கொஞ்சம் இளகும், உண்மைதான். இல்லாத பேஸை அது கொண்டுவராது.

பெரிய ஆம்பா, இன்னொரு சப்பா?

இத்தனைக்கும் பிறகு எல்லாம் சரியாக இருந்து, கெயின் அளவும் சரியாக இருந்து, இன்னும் வேண்டும் என்றால் மட்டும் பர்ஸைத் திறக்கலாம். அப்போதும் நான் ஆம்பை மட்டும் பெரிதாக்க மாட்டேன். இருக்கும் சப்புக்கு இரு மடங்கு வாட் கொடுத்தால் 3 டெசிபல், அதுவும் சப்பின் ஆர்எம்எஸ் எல்லை இடம் கொடுத்தால். அதே மாதிரி இன்னொரு சப்பைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பழைய வாட்டையே கொடுத்தால் 6 டெசிபல். அதற்கு விலை, டிக்கியில் பறிபோகும் இடம். நான்கு 4 ஓம் காயில்களையும் பேரலலாக்கினால் 1 ஓம் ஆகிவிடும், ஆம்ப் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தாங்காதென்றால் ஒவ்வொரு சப்பையும் சீரிஸாக்கி, பிறகு இரண்டையும் பேரலலாக்கி 4 ஓமில் ஓட்டலாம். வாட் குறையும், அந்த 6 டெசிபலும் அப்படியே கிடைக்காது.