டொராண்டோ புளூ ஜேஸ்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

போன், கார், மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம் எழுதுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிட்டத்தட்ட தினமும் நம் மாலைப் பொழுதை எடுத்துக்கொள்ளும் ஒரு பேஸ்பால் அணிக்கும் யாராவது எழுத வேண்டாமா? ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். இத்தனை நேரம் நான் வேறெந்தப் பொருளையும் பயன்படுத்துவதில்லை.

நான் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிவாசி. 2015 முதல் டொராண்டோ புளூ ஜேஸ் ரசிகன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025-ல் இந்த அணி ஆடிய ஆட்டம்தான் இத்தனை வருடங்களில் தினசரி உட்கார்ந்து பார்க்க லாயக்கான ஆட்டம். வேர்ல்டு சீரிஸ் என்னும் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் தோற்றார்கள். அதற்குப் பிறகும் இதே கருத்துதான்.

நான் பார்க்க ஆரம்பித்த வருடத்து அணி முழுக்க முழுக்க ஹோம் ரன் அணி, அதாவது பந்தை வேலிக்கு வெளியே அடித்தே ரன் எடுக்கும் அணி. ஜாஷ் டொனால்ட்சன் 41, ஹோசே பவுட்டிஸ்டா 40, எட்வின் என்கார்னாசியோன் 39. மூன்று பேர் சேர்ந்து 120 ஹோம் ரன். ரன் எடுத்ததில் அந்த வருடம் இவர்களை யாரும் நெருங்கவில்லை. பிளே ஆஃபில் டெக்சஸுக்கு எதிராக பவுட்டிஸ்டா பந்தை அடித்துவிட்டு மட்டையைத் தூக்கி எறிந்த காட்சியை பேஸ்பால் தெரியாதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். ஆனால் அடுத்த சுற்றில் ஆறே ஆட்டத்தில் இவர்களை வீட்டுக்கு அனுப்பியது கான்சஸ் சிட்டி ராயல்ஸ். அந்த வருடம் லீகிலேயே மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி அது. சும்மா தட்டித் தட்டி ஓடியே கோப்பையையும் வாங்கிவிட்டார்கள். எரிச்சலோடுதான் பார்த்தேன் என்றாலும் அந்த ஆட்டம் மனதில் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஸ்ட்ரைக் அவுட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பந்தைத் தவறவிட்டோ, நல்ல பந்தை அடிக்காமல் விட்டோ மூன்று ஸ்ட்ரைக் விழுந்து பேட்டர் ஸ்ட்ரைக் அவுட் ஆனால் பந்து களத்துக்குள் போவதே இல்லை. பிட்ச்சர் எறிகிறார், கேட்ச்சர் பிடிக்கிறார், பேட்டர் திரும்பி நடக்கிறார். மற்ற ஏழு ஃபீல்டர்களுக்கும் வேலை கிடையாது. 2018-ல் பேஸ்பால் வரலாற்றிலேயே முதல் முறையாக லீகின் மொத்த ஹிட்களைவிட (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக ஒரு பேஸுக்கு ஓடிச் சேர்வது ஹிட்) ஸ்ட்ரைக் அவுட்கள் அதிகமாகிவிட்டன. அணிகள் கணக்குப் போட்டுத்தான் இதற்கு இறங்கின. பிட்ச்சர்கள் எறியும் வேகத்துக்கு வரிசையாக மூன்று ஹிட் சேர்ப்பது கஷ்டம். அதற்குப் பதில் ஒரே அடியில் ஹோம் ரனுக்குப் போகலாம், நடுவில் எத்தனை தடவை தவறவிட்டாலும் பரவாயில்லை என்பது கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கலாம். செவ்வாய்க்கிழமை ராத்திரி சோஃபாவில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு அது தண்டனை. 2023-ல் பந்து எறிய நேரக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் வந்ததால் ஆட்டத்தின் சராசரி நேரம் இருபது நிமிடத்துக்கு மேல் குறைந்தது. அது பெரிய உபகாரம்தான், ஆனால் உள்ளே நடப்பது மாறவில்லையே.

ஜேஸ் அணியும் இதே பாதையில்தான் போனது. 2019-ல் விளாடிமிர் குரேரோ ஜூனியரும் (எங்களுக்கு விளாடி) போ பிஷெட்டும் வந்தார்கள். இரண்டு பேருமே பழைய நட்சத்திரங்களின் பிள்ளைகள். 2021-ல் 262 ஹோம் ரன், லீகிலேயே அதிகம். விளாடி 48, மார்கஸ் செமியன் 45. கோவிட் காரணமாக டனீடன், பஃபலோ, டொராண்டோ என மூன்று ஊர்களில் 'சொந்த மைதானம்' வைத்து ஆடி 91 வெற்றி பெற்றார்கள். ஒரே ஒரு வெற்றி குறைந்ததால் பிளே ஆஃப் கைநழுவியது. அடுத்த வருடம் சியாட்டிலுக்கு எதிராக 8-1 என்று முன்னிலையில் இருந்து 10-9 என்று தோற்றார்கள். அதைப் பற்றி மேலே எழுத எனக்குத் தெம்பில்லை.

அதன்பின் நிர்வாகம் வேறு திசையில் திரும்பியது. டியோஸ்கர் ஹெர்னாண்டஸ், லூர்டெஸ் குரியெல், இளம் கேட்ச்சர் கேப்ரியல் மொரேனோ மூவரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். டால்டன் வார்ஷோ, கெவின் கியர்மையர் என்று ஃபீல்டிங்குக்குப் பேர்போனவர்கள் வந்தார்கள். பந்து எங்கே போனாலும் பிடித்தார்கள், சரி. ரன் எடுக்கத்தான் ஆளில்லை. 2023 பிளே ஆஃபில் மினசோட்டாவுக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஒரே ஒரு ரன். நன்றாக எறிந்துகொண்டிருந்த ஹோசே பெரியோஸை 47 பந்துகளில் வெளியே எடுத்த முடிவைப் பற்றி இந்த ஊரில் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒரு ரன்னை வைத்துக்கொண்டு யார் எறிந்தால் என்ன என்பது என் கட்சி. 2024-ல் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். தொலைக்காட்சியை ஓடவிட்டுத் துணி மடிக்க ஏற்ற அணி.

2025-ல் பெரிதாக ஆள் மாறவில்லை என்பதுதான் ஆச்சரியம். பெரிய காசு கொடுத்து எடுத்த ஆன்டனி சான்டான்டர் சீசனின் பெரும்பகுதி காயத்தில் உட்கார்ந்திருந்தார். மாறியது அடிக்கும் முறை. மினசோட்டாவிலிருந்து டேவிட் பாப்கின்ஸ் பேட்டிங் பயிற்சியாளராக வந்தார். அந்த வருடம் லீகிலேயே குறைந்த ஸ்ட்ரைக் அவுட், அதிக பேட்டிங் சராசரி (.265, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 265 ஹிட்) இரண்டுமே டொராண்டோவுடையது. மெதுவாகத் தட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். விளாடி, ஜார்ஜ் ஸ்பிரிங்கர், எடிசன் பார்ஜர் எல்லோரும் முழு பலத்தோடுதான் சுழற்றினார்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு மட்டும் ஆட்டம் மாறும். நல்ல பந்துகளை ஃபவுலாக, அதாவது அவுட் ஆகாமல் கோட்டுக்கு வெளியே, தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஏழு, எட்டு, ஒன்பது பந்து வரை இழுப்பார்கள். ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் எதிரணி பிட்ச்சருக்கு மூச்சு வாங்கும்.

கிரிக்கெட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒருநாள் ஆட்டத்தின் நடு ஓவர்களில் ஒன்று, இரண்டு என்று எடுத்து ஸ்ட்ரைக்கை மாற்றிக்கொண்டே இருக்கும் ஜோடி பௌலருக்கு என்ன தலைவலி கொடுக்குமோ, அதே தலைவலி.

வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸ் இதற்கு நல்ல சான்று. எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் பிட்ச்சர் பிளேக் ஸ்னெல் அதுவரை பிளே ஆஃபில் யாருக்கும் அசையாமல் இருந்தவர். முதல் ஐந்து இன்னிங்ஸில் அவரை எறிய வைத்து எறிய வைத்துக் களைப்பாக்கினார்கள். ஆறாவதில் பிஷெட்டுக்கு ஒரு வாக் (நான்கு தவறான பந்துக்கு முதல் பேஸ் இலவசம்), அலெஹாண்ட்ரோ கர்க் ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் ஹிட்), வார்ஷோ மேல் பந்து பட்டது, அதற்கும் முதல் பேஸ் இலவசம். பேஸ் மூன்றும் நிறைந்த நிலையில் ஸ்னெல் வெளியே போனார். அப்புறம் எர்னி கிளெமெண்ட் சிங்கிள், அடுத்தடுத்த ரன், பிறகு பார்ஜர் மாற்று பேட்டராக வந்து கிராண்ட் ஸ்லாம், அதாவது பேஸ் மூன்றும் நிறைந்திருக்க நான்கு ரன் தரும் ஹோம் ரன். வேர்ல்டு சீரிஸ் வரலாற்றில் மாற்று பேட்டர் ஒருவர் அடித்த முதல் கிராண்ட் ஸ்லாம் அது. முந்தின ராத்திரி அவர் தூங்கியது சக ஆட்டக்காரர் டேவிஸ் ஷ்னைடரின் ஓட்டல் அறை சோஃபாவில். ஒரே இன்னிங்ஸில் 9 ரன். எல்லோரும் அந்த ஹோம் ரனைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய இருபது நிமிடம்தான் பிடிக்கும்.

ஆட்களுக்கு வருவோம். விளாடிக்கு 14 வருடம், 500 மில்லியன் டாலர் ஒப்பந்தம். ஏப்ரலில் கையெழுத்தானபோது பலர் வாயைப் பிளந்தார்கள். அக்டோபரில் 8 ஹோம் ரன் அடித்தார், அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. ஜார்ஜ் ஸ்பிரிங்கர் 2024-ல் .220 அடித்து எல்லோராலும் முடிந்துபோனவர் என்று எழுதப்பட்டவர். 2025-ல் .309, 32 ஹோம் ரன். வேர்ல்டு சீரிஸுக்கு முந்தைய சுற்றில் சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் அவர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்தான் அணியை வேர்ல்டு சீரிஸுக்குக் கொண்டுபோனது.

ஆனால் இந்த அணி என்றால் எனக்கு எர்னி கிளெமெண்ட்தான். கிளீவ்லாண்ட் விட்டுவிட்டது, ஓக்லாண்ட் எடுத்து அதுவும் விட்டுவிட்டது. 2023-ல் மைனர் லீக் (பெரிய லீகுக்குக் கீழ்ப்பட்ட லீக்) ஒப்பந்தத்தில் இங்கே வந்தார். வாக் வாங்க மாட்டார், பெரிய பலம் இல்லை, ஓடுவதிலும் அசாதாரணம் ஒன்றும் இல்லை. கண்ணுக்கு எட்டும் பந்தையெல்லாம் அடிப்பார். தலைக்கு நேரே வந்தாலும் அடிப்பார். எந்தப் பயிற்சியாளரும் இப்படி ஆடச் சொல்லித் தரமாட்டார். அந்த மனிதர் ஒரே பிளே ஆஃபில் 30 ஹிட் அடித்தார். அதற்கு முன் யாரும் அத்தனை அடித்ததில்லை. இன்ஃபீல்டில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்கிறார் என்பது கூடுதல் லாபம்.

அலெஹாண்ட்ரோ கர்க் ஐந்தடி எட்டங்குலம், நல்ல கனம். ஓடச் சொன்னால் பார்க்கப் பாவமாக இருக்கும். கேட்ச்சராக உட்கார்ந்தால் ஓரத்தில் வரும் பந்தை ஸ்ட்ரைக்காக வாங்கித் தருவதில் கெட்டிக்காரர். ஐந்து வருடம், 58 மில்லியன் என்பது என் கணக்கில் இந்த அணி செய்த மிகச் சிக்கனமான வியாபாரம். வார்ஷோ காயத்தோடு பாதி சீசனுக்கும் குறைவாகவே ஆடினார், 71 ஆட்டத்தில் 20 ஹோம் ரன். ஆண்ட்ரேஸ் ஹிமேனஸ் அடிப்பது சுமார்தான். செப்டம்பரில் பிஷெட்டுக்கு முழங்காலில் அடிபட்டதும் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு நகர்ந்தார், அதன்பின் அந்தப் பக்கம் பந்து கடந்து போகவே இல்லை போலிருந்தது.

பிட்சிங்கில் கெவின் காஸ்மனின் ஸ்பிளிட்டர் (பேட்டரிடம் வரும்போது சட்டென்று கீழே இறங்கும் பந்து) பல வருடமாகப் பழக்கமான சந்தோஷம். புதுவரவு ட்ரே யெசாவேஜ். அப்போது வயது 22, சீசனை ஆரம்பித்தது மைனர் லீகின் கீழ்ப்படியான சிங்கிள் ஏ-யில், பெரிய லீகில் முதல் ஆட்டம் செப்டம்பர் 15. கை நேராக உச்சந்தலைக்கு மேலிருந்து இறங்கும். பந்து எங்கிருந்து வருகிறது என்று பேட்டர்களுக்குத் தெரிவதற்குள் அது கீழே விழுந்துவிடும். வேர்ல்டு சீரிஸ் ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு வாக்கூடத் தராமல் 12 ஸ்ட்ரைக் அவுட். ஸ்ட்ரைக் அவுட் அலுப்பு என்று மேலே எழுதினேன் அல்லவா, நம்ம பையன் எதிரணிக்குச் செய்யும்போது அலுப்பதில்லை. ரசிகனிடம் நியாயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

குறைகள். முதலாவது புல்பென், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்ச்சர்கள். நம்பி அனுப்ப ஆள் குறைவு என்பதால் லூயி வார்லாண்டை பிளே ஆஃபின் 18 ஆட்டத்தில் 15-ல் எறிய வைத்தார்கள். ஒரு பிட்ச்சர் ஒரே பிளே ஆஃபில் இத்தனை ஆட்டத்துக்கு வந்ததே சாதனைதான், ஆனால் அணிக்கு அது பெருமை இல்லை. வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் தூரத்தில் கோப்பை. அப்போது ஜெஃப் ஹாஃப்மன் எறிந்த பந்தை, ஹோம் ரனுக்குப் பேர் வாங்காத மிகேல் ரோஹாஸ் வேலிக்கு வெளியே அனுப்பினார்.

இரண்டாவது, பேஸ் ஓட்டம். இப்படித் தட்டி ஆடும் அணிக்கு ஓட்டம்தான் உயிர். ஆறாவது ஆட்டத்தின் கடைசியில் பார்ஜர் இரண்டாம் பேஸிலிருந்து முன்னேறி நின்றார். அடித்த பந்து கேட்ச் ஆனால் ஓடுபவர் பேஸுக்குத் திரும்ப வேண்டும், அவரால் முடியவில்லை. ஒரே கேட்சில் இரண்டு அவுட் ஆகி ஆட்டம் முடிந்தது. மறுநாள் ஒன்பதாவது இன்னிங்ஸில் பேஸ் நிறைந்திருக்க, வார்ஷோ தரையில் அடித்தார். மூன்றாம் பேஸிலிருந்த கினர்-ஃபலேஃபா பேஸை ஒட்டியே நின்றதால் சில அங்குலத்தில் ஹோமில் அவுட். லைன் டிரைவ் (தரை தொடாமல் நேராகப் பறக்கும் பந்து) அடித்து அது கேட்ச் ஆனால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து நின்றார்கள், சரி. அந்தப் பயம் முந்தின ராத்திரியிலிருந்து வந்தது என்பது என் சந்தேகம்.

மூன்றாவது குறை இந்த பாணியிலேயே இருக்கிறது. எல்லாப் பந்தும் களத்துக்குள் போகிறது என்றால் ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் ஆகும் டபுள் பிளேயும் கூடவே வரும். கடைசி பேட்டர் கர்க்கின் மட்டை உடைந்து பந்து நேராக ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. கர்க் ஓடுகிறார் என்றால் முடிவு தெரிந்ததுதான். டாட்ஜர்ஸ் பிட்ச்சர் யமமோட்டோ முந்தின நாள் ஆட்டத்தை ஆரம்பித்து ஆறு இன்னிங்ஸ் எறிந்துவிட்டு மறுநாளும் வந்து எறிந்ததற்கு என்ன பாணியாலும் பதில் இல்லை. ஏழு ஆட்டத்திலும் சேர்த்து டொராண்டோ 34 ரன், டாட்ஜர்ஸ் 26. கோப்பை அவர்களிடம்.

இதன் பிறகு பிஷெட் நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். வருத்தம்தான். அவர் அடித்த ஹிட்கள் போகட்டும், ஷார்ட்ஸ்டாப்பில் அவர் கையை நம்பி இருக்க முடியாது என்பதை டொராண்டோவில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. டிலன் சீஸுக்கு ஏழு வருடம், 210 மில்லியன் கொடுத்தார்கள். ஜப்பானின் யோமியூரி ஜயன்ட்ஸிலிருந்து கசுமா ஒகமோட்டோவையும் எடுத்தார்கள். அவரை மூன்றாம் பேஸில் நிறுத்தி, கிளெமெண்ட்டை இரண்டாம் பேஸுக்கும் பார்ஜரை ரைட் ஃபீல்டுக்கும் அனுப்பினால் இந்த அணி அப்படியே நிற்கும். எட்டாவது இன்னிங்ஸில் எதிரணியின் இடதுகை பேட்டர்களை முடிக்க ஒரு நல்ல ஆளையும் பிடித்துவிட்டால் அடுத்த சீசனுக்கும் நான் சந்தா கட்டுவேன். பிடிக்காவிட்டாலும் கட்டுவேன், புலம்பிக்கொண்டே.