மூன்று வருடம் பாட்டுகளை வாங்கி வைத்த அனுபவம்: எந்த ஆடியோ ஃபார்மட்?

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்து ஊர்களில் பாடுகிற தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டுகளைச் சேர்க்க மதுரையிலிருந்து ஒரு சின்ன ஆப் நடத்துகிறோம். யார் வேண்டுமானாலும் போனில் பதிவு செய்து ஏற்றலாம். மூன்று வருடம் ஆகிறது.

வருகிற கோப்புகள் பல ரகம். ஐபோனிலிருந்து எம்4ஏ வரும், அதற்குள் பெரும்பாலும் ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி இருக்கும். வாட்ஸ்அப் குரல் பதிவு என்றால் ஓக் கோப்புக்குள் ஓபஸ் (ஓக் வெளிக்கூடு, ஓபஸ் உள்ளே ஒலியைச் சுருக்கிய முறை). பழைய போன்களிலிருந்து, போன் பேச்சுக்கென்றே செய்த ஏஎம்ஆர். சிலர் சுருக்காத வேவ் ஏற்றுவார்கள். ஸ்டீரியோ என்றால் அது நிமிடத்துக்கு 10 எம்பி. பெயரில் எம்பி3 என்று இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். அதனால் கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று காட்டும் எஃப்எஃப்புரோப் என்ற கருவியை வைத்துப் பார்த்த பிறகுதான் ஏற்கிறோம்.

முதல் வருடம் பெரிய தப்பு செய்தோம். இடம் மிச்சமாகும் என்று எல்லாவற்றையும் நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆக்கி, மூலக் கோப்புகளை அழித்துவிட்டோம். எம்பி3, ஏஏசி, ஓபஸ் எல்லாமே காதுக்கு அவ்வளவாகத் தெரியாததைக் கழித்துச் சேமிப்பவை. ஒன்றை இன்னொன்றாக மாற்றினால், கழித்ததிலேயே இன்னும் கழியும். ஒப்பாரி பாடிய ஓர் அப்பத்தா இறந்த பிறகு, பேரன் வந்து மூலப் பதிவைக் கேட்டார். அவர் போனும் பழுதாகிவிட்டதாம். எங்களிடம் இருந்தது அந்த எம்பி3 மட்டும். அப்பத்தா மூச்சு இழுக்கிற இடமெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அன்றிலிருந்து மூலத்தைத் தொடுவதே இல்லை. வேவ் மட்டும் ஃப்ளாக் என்ற, எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃபார்மட் ஆகும். அதில் ஒலி ஒரு துளியும் குறையாது, அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கேட்பதற்குத் தனிப் பிரதி. 32 கிலோபிட் மோனோ ஓபஸ் என்றால் நிமிடத்துக்கு 240 கேபிதான். பேச்சு, பாட்டு இரண்டையும் நன்றாகத் தாங்குகிறது, உரிமக் கட்டணமும் கிடையாது. ஆனால் ஐபோனின் சஃபாரியில் ஓக் கோப்பு பல வருடம் ஓடவில்லை. அதற்காக 96 கிலோபிட் எம்பி3 பிரதி ஒன்றும் வைத்திருக்கிறோம். 2017-லேயே அதன் உரிம வசூல் நின்றுவிட்டது. ஒரே ஒரு பிரதிதான் முடியும் என்பவர்களுக்கு நான் எம்பி3-ஐத்தான் சொல்வேன், அது ஓடாத போன் இல்லை.

ஏஎம்ஆர்தான் இன்னும் வருத்தம். நொடிக்கு 8000 மாதிரிகளே எடுப்பதால் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. கீழேயும் வெட்டிவிடும். உறுமியின் அடிநாதம் அதோடு போய்விடும், எதாக மாற்றினாலும் திரும்பி வராது. ஏஎம்ஆர் வந்தால், "வேறு போனில் இன்னொரு முறை பாடித் தர முடியுங்களா?" என்று ஆப்பிலேயே கேட்கிறோம். முடியாது என்றால் அந்த ஏஎம்ஆரையே வாங்கி வைத்துக்கொள்கிறோம்.