முல்லைத்தீவில் தங்கிப் பார்த்தால்

ஆடி, ஆவணியில் நோர்வேயிலிருந்து ஊருக்குப் போகிற எங்கட சனம் அநேகமாக நல்லூர்த் திருவிழாவைப் பார்த்துத்தான் ரிக்கெற் போடுகிறது. வன்னிக்கு ஒரு பகல். முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, முள்ளிவாய்க்காலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு இருட்ட முதல் யாழ்ப்பாணம் திரும்பிவிடும். நாங்கள் இந்த முறை முல்லைத்தீவிலேயே தங்கினோம். அப்படிப் போக நினைக்கிறவர்களுக்கு அங்கே எது சுகமாக நடக்கிறது, எது இழுக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

மாங்குளம் வரை ரயில். அங்கிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக ஏ34 வீதியால் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். கொழும்பில் இருந்தபடியே பேசி வைத்திருந்த வான்காரர் முதல்நாள் இரவிலிருந்து போன் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பஸ் ஏறினோம், அது நல்லதாகவே போயிற்று. றோட்டு காப்பெற் போட்டது, குலுக்கல் இல்லை. எங்கள் சூட்கேசுகளைப் பார்த்த கொண்டக்டர் தம்பி, "ஐயா, பெட்டிக்கும் ஒரு சீற் போடட்டோ?" என்று சிரித்துக்கொண்டே அவற்றை டிரைவருக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார். பொழுதுபட்டால் மட்டும் பஸ் குறைந்துவிடும். பிறகு ஓட்டோதான், அதுவும் தெரிந்த ஆளைப் பிடித்தால் நல்லது.

தங்கின இடம் வீட்டோடு சேர்ந்த அறை. துப்புரவு. கிணற்றுத் தண்ணி உவர் என்பதால் குடிக்கிற தண்ணியைக் கானில் கொண்டுவந்து வைத்தார்கள். பத்து மணிக்கே தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று அனலாக அடிக்கத் தொடங்கும். மத்தியானத்தில் கடைத்தெருவில் ஒரு அலுவலும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். இந்த ஊரின் நாள் விடியப்புறமே தொடங்கி ஒன்பது மணிக்குள் பாதி முடிந்துவிடுகிறது. காலைச் சாப்பாட்டை எட்டரைக்கு வை என்று ஹொட்டேல் கணக்கில் கேட்கிறவர்கள் எல்லாவற்றையும் தவறவிடுவார்கள்.

மீனைத்தான் சொல்ல வேண்டும். எண்பதுகளில் நோர்வேக்குப் போன எங்களில் கனபேர் வடக்கே பின்மார்க் பக்கம் மீன் பக்டரியில்தான் கத்தி பிடித்தோம். அதனால் எந்தக் கரைக்குப் போனாலும் என் கண் முதலில் ஐசைத்தான் தேடும். முல்லைத்தீவுக் கடல் இந்த மாதங்களில்தான் அடங்கியிருக்கும், மாரியில் வாடைக்காற்று கிளம்பினால் அதே கடலில் வள்ளம் இறக்கவே யோசிப்பார்கள். ஆகவே நாங்கள் போனது நல்ல பருவம். படகுகள் ஒவ்வொன்றாகக் கரை தட்ட, வலையோடு இழுத்துப் போட்டு மீன் கழற்றினார்கள்: பாரை, சூரை, கும்பலாகக் கீரி. தராசடியில் நின்ற அக்கா ஒருவர் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் ஐஸ், மீன், ஐஸ் என்று படை படையாக அடுக்குவித்துக்கொண்டிருந்தார். மூடப் போன பெடியனைப் பார்த்து, "அடித் துளையைத் திறந்துவிடு தம்பி, உருகின தண்ணிக்குள்ள கிடந்தால் கொழும்பு போக முதல் வயிறு வெடிச்சிடும்" என்றார். இதே பாடத்தை பக்டரியில் எங்களுக்கு ஒரு போர்மன் கத்திக் கத்திச் சொல்லித்தந்தான். அக்கா ஒருதரம்தான் சொன்னார்.

பெட்டிகள் லொறி ஏறியதும் கரையில் நல்ல மீன் மிச்சமில்லை. இதன் விளைவு விசித்திரமானது: கடற்கரைப் பட்டினத்துச் சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் மீன் கேட்டால், "கோழி இருக்கு" என்கிறார்கள். இதற்கு ஒரே வழி, விடியவே கரைக்குப் போய் வாங்கி, தங்குகிற வீட்டில் கொடுத்துச் சமைப்பிப்பது. சமையல் கூலியைக் கேட்காமலே கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்த பாரைக் குழம்பைப் பற்றி எழுதினால் ஒஸ்லோவில் இருக்கிற மச்சான்மார் கோபிப்பார்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று "ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கோ" என்று படகுக்காரரைச் சும்மா கேட்காதீர்கள். இந்தச் சின்னப் படகுகளின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியதை அவர்கள் இன்னும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். வெளிநாட்டுக்காரரிடம் காசு கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள், நாங்கள் அதைச் சாட்டாக வைத்திருக்கக் கூடாது. நாயாற்றுப் பக்கம் பருவத்துக்குத் தெற்கிலிருந்து வந்து வாடி என்கிற தற்காலிகக் குடிசை போடுகிற மீனவர்களைப் பற்றியோ இந்திய ரோலர் இழுவைப் படகுகளைப் பற்றியோ கேட்கத் தொடங்கினால், தேத்தண்ணி இரண்டாம் தரமும் வரும், அவ்வளவு நேரம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

கடற்கரையில் பெரிய குறை போத்தல் ஓடுதான். என் பெறாமகனுக்குக் காலில் கிழித்துவிட்டது. மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாங்கள் இலக்கத் துண்டு எடுத்து இருந்தோம், காயத்தைக் கழுவிக் கட்டி, ஊசியும் போட்டு அனுப்பினார்கள். காத்திருப்பு உண்டு, ஆனால் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு வரிசையை முறிக்கவில்லை. எனக்கு அது பிடித்தது. மருந்து கட்டின நேர்ஸ் பிள்ளை, "செருப்பில்லாமல் கரையில திரியாதேங்கோ" என்று அவனைவிட எனக்குத்தான் கூடப் பேசினா.

காசு எடுக்கிற மெசின் ஊருக்குள் உண்டு, ஆனால் எங்கள் அட்டையை ஒன்று ஏற்றது, ஒன்று துப்பியது. கரையில் எல்லாம் கைக்காசுதான், சில்லறை கட்டாயம். வற்றாப்பளை அம்மனிடமும் போனோம். கடல்தண்ணியில் விளக்கெரிக்கிற பொங்கல் வைகாசியோடு முடிந்திருந்ததால் சனமில்லை, ஆறுதலாகக் கும்பிடலாம். பக்கத்துக் களப்பான நந்திக்கடல் வெயிலுக்கு வற்றிக் கரை ஒதுங்கிக் கிடந்தது.

நல்லூரையும் பார்க்க வேண்டும் என்றால் முல்லைத்தீவை முதலில் வையுங்கள். புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போகலாம். காலை பஸ்ஸைப் பிடித்தால் வெயில் ஏற முதல் பரந்தனைத் தாண்டிவிடலாம். கொழும்பு வானுக்கு முற்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.