லிவிங் வில் ஏற்பாடு: எழுதுவது சுலபம், ஐசியுவில்தான் சிக்கல்

மீள வழியில்லாத நோயாளிக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமையை இந்தியாவில் வாங்கிக் கொடுத்தது நீதிமன்றம்தான். மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் உயர் நீதிமன்ற அனுமதி வாங்கி வர வேண்டும் என்றது. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று வந்த தீர்ப்பு லிவிங் வில்லை, அதாவது அந்த நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணத்தை, அங்கீகரித்தது. கூடவே மாஜிஸ்திரேட் கையெழுத்து, கலெக்டர் அமைக்கும் மருத்துவர் குழு, மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது என்று தடைகளையும் அடுக்கியது. தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கமே இது நடைமுறைக்கு ஆகாது என்று மனுப் போட்டது. அதன் பேரில் 2023 ஜனவரி 24 அன்று திருத்தி எளிமையாக்கிய ஏற்பாட்டுக்குத்தான் இந்த மதிப்பீடு.

முதலில் எழுதும் வேலை. இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருப்பவர் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்தில் பங்கு இல்லாத வெளியாட்களாக இருந்தால் நல்லது. நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்து, அவ்வளவுதான். தீர்ப்பு முத்திரைத்தாளும் கேட்கவில்லை, சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் கேட்கவில்லை. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். இரண்டு ஆவணங்கள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்தானதுதான் செல்லும், ஆகவே தேதியில் அடித்தல் திருத்தல் கூடாது.

பெரும்பாலான ஆவணங்கள் கோட்டை விடுவது வாசகத்தில். 'என்னை அவஸ்தைப்பட விடாதீர்கள்' என்ற ஒற்றை வரியை வைத்து எந்த மருத்துவரும் குழாயில் கை வைக்க மாட்டார். ஆவணம் தெளிவில்லாமல் இருந்தால் மருத்துவக் குழு அதைச் செயல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பே சொல்கிறது. எந்த நிலையில் (நினைவு திரும்ப வாய்ப்பில்லாத மூளைச் சேதம், குணப்படுத்த முடியாத இறுதிக்கட்ட நோய்), எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்: வென்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது, ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்து. மூக்கு அல்லது வயிறு வழியாகச் செலுத்தும் உணவைத் தனி வரியாக எழுதுங்கள். சண்டை அதிகம் வருவது அதில்தான். வலி மருந்தும் ஆறுதல் சிகிச்சையும் தொடர வேண்டும் என்பதும் இருக்கட்டும். ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லி எழுதினால் அந்தப் பகுதி செல்லாது, அது இன்றும் குற்றம்.

உங்களுக்காகப் பேச ஒருவருக்கு மேல் பெயர் குறிக்கலாம். இரண்டு பேரையாவது போடுங்கள், ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் மற்றவர் உள்ளூரில் இருக்கட்டும். குறிப்பிடப்பட்டவர்களின் சம்மதம் கடைசிக் கட்டத்திலும் கேட்கப்படும். சொத்து உயிலோடு சேர்த்து எழுதி பீரோவில் பூட்டுவது பெரிய தவறு. உயிலைத் திறக்கும்போது இது தேவைப்படாது. நகல்கள் பெயர் குறித்தவர்களுக்கும், குடும்ப மருத்துவருக்கும், மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்தில் இதற்கென நியமிக்கப்படும் காப்பாளருக்கும் போக வேண்டும். காப்பாளர் யார் என்று அலுவலகத்தில் கேட்டால் கவுண்டரில் முழிப்பார்கள். எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவதே வழி.

இனி மருத்துவமனைக்குள். ஆவணத்தைச் செயல்படுத்தலாமா என்று இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்க்கும். முதல் குழுவில் சிகிச்சை தரும் மருத்துவரோடு, குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள துறை வல்லுநர்கள் இருவர். அவர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டாவது குழு: அதே தகுதியுள்ள வேறு இருவர், கூடவே மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு மருத்துவர். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டு குழுவும் சரி என்றால், சிகிச்சையை நிறுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தந்தால் போதும், அவர் அனுமதி தேவையில்லை. லிவிங் வில் எழுதாத நோயாளிக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே இரண்டு குழுதான்.

ஏட்டில் அழகாக இருக்கிறது. மாட்டிக்கொள்ளும் இடம் அந்த நியமன மருத்துவர். அவரை நியமிக்க வேண்டிய 'தலைமை மருத்துவ அலுவலர்' என்ற பெயரில் தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் பதவி இல்லை. நலப்பணிகள் இணை இயக்குநர் இருக்கிறார், துணை இயக்குநரும் இருக்கிறார். யாருக்குக் கடிதம் எழுதுவது என்று மருத்துவமனை நிர்வாகம் யோசிப்பதற்குள் 48 மணி நேரம் ஓடிவிடும். கர்நாடகம் 2025 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டு இந்த முடிச்சை அவிழ்த்தது. சிறிய மருத்துவமனைகளில் வேறு ஆபத்து: குழு அமைக்க ஆளில்லாமல் 'லாமா போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போங்க' என்பார்கள். மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துப் போவதாகக் குடும்பமே கையெழுத்திட்டுப் பழியை ஏற்பதுதான் அது. வழியில் மூச்சுத் திணறினால் வலி மருந்து கொடுக்கக்கூட ஆள் இருக்காது. வயதானவருக்கு மருத்துவமனை தேர்ந்தெடுக்கும்போதே, இரண்டாவது குழு அமைத்த அனுபவம் உண்டா என்று கேட்டு வையுங்கள்.

எழுதும் வசதிக்கு ஐந்துக்கு நாலரை, செயல்படுத்தலுக்கு இரண்டு.

குழு மறுத்தால் பெயர் குறிக்கப்பட்டவரோ, குடும்பமோ, மருத்துவரோ அரசியல் சாசனம் 226வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். இரு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும், தன் பங்குக்கு மருத்துவர் குழுவும் அமைக்கலாம். மறுப்பை வாய்மொழியாகச் சொன்னால் விடாதீர்கள், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் மனுப் போட்டால் முதல் விசாரணை அதை வரவழைப்பதிலேயே போய்விடும்.