ஏடிஎம் அட்டையையும் வீட்டுச் சாமான்களையும் கடனுக்கு ஈடாகக் கொடுத்துவிடாதீர்கள்

என் தந்தையின் அறுவைச் சிகிச்சைக்காக 2019 இறுதியில் ஒரு தனியார் பைனான்ஸில் 60,000 ரூபாய் கடன் கேட்டேன். பத்து வட்டி என்பதால் முதல் மாத வட்டியான 6,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 54,000 ரூபாயைத்தான் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக என் சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை, ரகசிய எண், தொகை எழுதாத இரண்டு காசோலைகள், நிரப்பப்படாத புரோநோட்டு ஆகியவற்றை வாங்கிக்கொண்டதோடு, தவணை தவறினால் வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய முத்திரைத்தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். அன்று மாலைக்குள் மருத்துவமனையில் பணம் கட்டியாக வேண்டியிருந்தது.

நூற்பாலையில் கணக்கராக எனக்கு அப்போது சம்பளம் 22,000 ரூபாய். சம்பளம் ஏறிய அன்றே முழுத் தொகையையும் அவர்களே எடுத்துவிடுவார்கள். கழித்தது போக மிச்சத்தை வாங்க நான் அவர்கள் கல்லாவின் முன் நிற்க வேண்டும். 2020 ஊரடங்கில் ஆலை மூடப்பட்டு இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் மூன்று பேர் சரக்கு ஆட்டோவோடு வந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியையும் கிரைண்டரையும், என் மனைவி சீராகக் கொண்டுவந்த, அவர் பெயர் பொறித்த பித்தளை அண்டாவையும் ஏற்றினார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக்கூட விடவில்லை. தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு அதையும் எடுத்துப் போனார்கள்.

நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம் என்றவர் என் மனைவிதான். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 60ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்பதை அங்கிருந்த வழக்கறிஞர் விளக்கியபோதுதான் நான் எதையெல்லாம் அறியாமல் கொடுத்திருக்கிறேன் என்பது புரிந்தது. வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியவர்கூட, ஜீவனாம்சம் தவிர்த்த கடன்களுக்கு, சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் ஜப்தி செய்ய முடியாது. என் சம்பளத்தில் 15,000 ரூபாயை நீதிமன்றமே தொட முடியாது என்றிருக்க, இவர்கள் மாதாமாதம் முழுவதையும் எடுத்தார்கள். தேவையான உடுப்பு, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, தாலி போல மத வழக்கப்படி ஒரு பெண் பிரியக்கூடாத நகை, கைவினைஞரின் தொழிற்கருவி ஆகியவையும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறேன் என்று நாமே எழுதிக் கையெழுத்திட்டிருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.

குளிர்சாதனப் பெட்டி அந்தப் பட்டியலில் வராது. ஆனாலும் நீதிமன்ற உத்தரவின்றி வீடு புகுந்து அதை வலுக்கட்டாயமாக எடுத்துப் போக எவருக்கும் அதிகாரமில்லை. கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

உங்கள் அட்டை இப்போது வேறொருவர் கையில் இருந்தால் இன்றே வங்கிக்குச் சொல்லி முடக்குங்கள். அது குற்றமாகிவிடும் என்று அவர்கள் மிரட்டியதை நம்பி நான் பல மாதச் சம்பளத்தை இழந்தேன். கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு நகலும் இல்லாததால் காவல் நிலையத்தில் புகாரை ஏற்கவைப்பதற்கே மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது. புகாருக்குப் பிறகு அண்டாவும் பாத்திரங்களும் வந்துசேர்ந்தன. குளிர்சாதனப் பெட்டியை அதற்குள் விற்றுவிட்டார்கள். காசோலைகளும் புரோநோட்டும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன.