கடல்மேல் அலை மங்கலை அளக்க ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள்

திருவொற்றியூரில் கடலைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஓராண்டாக ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (கணினியில் செருகும் சிறு ரேடியோ ஏற்பியை) இரவும் பகலும் ஓடவிட்டிருக்கிறேன். கடற்பரப்பின் மேல் வரும் ரேடியோ அலை எப்போது, எவ்வளவு மங்குகிறது என்று அளப்பதற்காகவே இதை வாங்கினேன். அந்த ஒரு வேலைக்கு இது எந்த அளவு உதவும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அளப்பதற்கு அலை அனுப்பும் ஒருவர் வேண்டும். அந்த வேலையைக் கப்பல்களே செய்துவிடுகின்றன. பெரிய கப்பல்கள் ஏஐஎஸ் எனும் தானியங்கி அடையாளக் கருவி மூலம் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில், வழக்கமாக 12.5 வாட் திறனில், தாம் இருக்கும் இடத்தை அறிவித்துக்கொண்டே போகின்றன. ஏஐஎஸ்-கேட்சர் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு செய்தியோடும் அது வந்து சேர்ந்த வலுவை டெசிபலில் தருவதால், தொலைவும் வலுவும் ஒரே வரியில் கிடைத்துவிடுகின்றன.

டாங்கிளின் தானியங்கி கெயினை, அதாவது வரும் அலையைத் தானே பெருக்கும் அளவை மாற்றிக்கொள்ளும் வசதியை, முதலில் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் அலை மங்கும்போதெல்லாம் கருவியே அதைத் தூக்கிவிட்டு, அளக்க வேண்டியதை மறைத்துவிடும். கெயினை நிலைநிறுத்திய பின்புதான் உண்மையான குறை தெரிகிறது. இதன் மாதிரியெடுப்பு 8 பிட் மட்டுமே; மிக வலுவான அலையையும் மிக மெல்லிய அலையையும் ஒரே அமைப்பில் அளக்க அது போதாது. நேர் அலையும் கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் ஏறக்குறைய எதிரெதிராகச் சேரும் இத்தகைய பாதையில், தொலைவு இரட்டித்தால் வலு 12 டெசிபல் குறையும். 2 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டருக்குப் போனால் 40 டெசிபல் போய்விடும். ஆகவே துறைமுக வாயிலில் நிற்கும் கப்பலுக்கு ஏற்ப கெயினை வைத்தால் அடிவானக் கப்பல் இரைச்சலில் மூழ்குகிறது; அடிவானத்துக்கு வைத்தால் அருகிலுள்ள கப்பல் உச்சியில் முட்டி நிற்கிறது.

இதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் உண்டு. ஆழமாக மங்கிய செய்தி பதிவாகவே செய்யாது. பதிவானவற்றை மட்டும் எண்ணி வரைபடம் போட்டால் கடல் மிக நல்ல பாதையாகத் தோன்றும். நான் முதல் மூன்று மாதங்கள் இப்படித்தான் ஏமாந்தேன். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்துக்குக் கீழ் நேர்வழியில் ஓடும் கப்பல் 10 நொடிக்கு ஒரு முறை அறிவிக்க வேண்டும் என்பது விதி. நிமிடத்துக்கு ஆறு வர வேண்டிய இடத்தில் இரண்டே வந்தால், வராத நான்கையும் கணக்கில் எழுத வேண்டும். அவற்றுள் சில வேறு கப்பல்களின் செய்திகளோடு மோதி அழிந்தவையாகவும் இருக்கலாம் என்பதால், இதிலும் எச்சரிக்கை தேவை.

அலை எப்படிப் பரவும் என்று கணிக்கும் மாதிரிகளோடு ஒப்பிடும்போதுதான் இந்தச் சிறு கருவி தன் மதிப்பைக் காட்டுகிறது. என் ஆன்டெனா 15 மீட்டர் உயரத்திலும் கப்பலுடையது 25 மீட்டரிலும் இருந்தால், ரேடியோ அடிவானம் சுமார் 37 கிலோமீட்டர். நிலத்திலிருந்து வெப்பமான வறண்ட மேல்காற்று ஈரமான கடற்காற்றின் மேல் படரும் நாட்களில், அலை அந்த அடுக்குக்குள் சிக்கி வளைந்து அடிவானத்தைத் தாண்டிவிடுகிறது. அப்போது அதுவரை கேட்டிராத தொலைவுக் கப்பல்கள் திரையில் வரிசையாக முளைப்பதைக் காண்பது எனக்கு இன்றும் பரவசமே. இத்தகைய நாட்களுக்கு, நேர் அலையையும் தெறித்த அலையையும் மட்டும் கணக்கில் கொள்ளும் இரு-கதிர் மாதிரி பயன்படாது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு-ஆர் பி.1546 பரிந்துரை வெப்பக் கடலுக்கும் குளிர்க் கடலுக்கும் தனித்தனி வளைகோடுகளை, அந்த வலு எட்டப்படும் 50, 10, 1 சதவீத நேரங்களுக்குப் பிரித்துத் தருவதன் காரணம் இங்கே கண்முன் விளங்குகிறது.

டாங்கிள் தரும் எண்கள் ஒப்பீட்டு அளவுகளே; அளவுத்திருத்தம் செய்யாமல் அவற்றைப் புல வலிமையாக எழுதக் கூடாது. ஆன்டெனா இணைப்பியையும் கவனிக்க வேண்டும்: நாடா சுற்றாமல் விட்ட என் இணைப்பியில் உப்புக்காற்று பச்சைப் பூஞ்சைபோல் களிம்பேற்றியது, வலு மெல்லக் குறைந்ததைப் பருவ மாற்றம் என்றே சில வாரம் நம்பியிருந்தேன்.

மங்கலின் போக்கையும் பருவ வேறுபாட்டையும் அறிய விரும்பும் மாணவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போதே இரண்டாக வாங்கி, ஒரே ஆன்டெனாவை ஸ்ப்ளிட்டரால் பிரித்து, ஒன்றைக் குறைந்த கெயினிலும் மற்றதை உயர்ந்த கெயினிலும் நிறுத்துங்கள்.