ஜீனி ஜிஎஸ்-1930 சிசர் லிஃப்ட்: 'மாட்டேன்' என்று நிற்கத் தெரிந்த மிஷின்

கிடங்குகளிலும் சின்னத் தொழிற்சாலைகளிலும் லைட்டிங், கேபிள் ட்ரே வேலைகளைச் சப்-கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை வட்டாரம். ஏணி, சாரம், சக்கரம் வைத்த டவர் என்று எல்லாவற்றிலும் ஏறி வேலை பார்த்திருக்கிறோம். இப்போது எங்கள் டீமுக்கு ஆகிவந்தது ஜீனி ஜிஎஸ்-1930. கத்தரிபோல மடங்கி விரியும் கால்களால் ஆள் நிற்கிற தட்டை மேலே தூக்கும் சிசர் லிஃப்ட் இது. சொந்தமாக வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். இதை எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்த பிறகு எப்படி ஓட்டுவது என்பதையும் சொல்லாவிட்டால் பாதி கிணறு தாண்டிய கதையாகிவிடும், அதனால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெயரில் இருக்கும் எண்ணிலேயே பாதி விவரம் வந்துவிடுகிறது. 19 என்பது தட்டு ஏறும் உயரம், அடிக் கணக்கில். 30 என்பது அகலம், அங்குலத்தில். தட்டு 5.79 மீட்டர் ஏறும், அதில் நின்று கையை உயர்த்தினால் 7.79 மீட்டர் வரை வேலை செய்யலாம். 76 செ.மீ. அகலம்தான் என்பதால் சாதாரண ஒற்றைக் கதவு வழியாகவே உள்ளே போய்விடும். ரேக்குகளுக்கு நடுவே மிகக் குறுகலாகத் திரும்பும். பேட்டரியில் ஓடுவதால் புகை கிடையாது, டயரும் தரையில் கறுப்புக் கோடு போடாத ரகம். உணவுப் பொருள், மருந்து வைத்திருக்கும் கிடங்குக்காரர்கள் முதலில் கேட்பதே இந்த இரண்டையும்தான். பார்க்கச் சின்னதாக இருக்கிறது என்று எடையைக் குறைவாக எடைபோட வேண்டாம். ஒரு டன்னுக்கு மேல் வரும், சரியான எடை அதன் பிளேட்டிலேயே அடித்திருக்கும். மெஸனைனில், அதாவது கிடங்குக்குள் பாதி உயரத்தில் போட்ட இடைத்தளத்தில், ஏற்றுவதாக இருந்தால் அந்தத் தளம் எவ்வளவு தாங்கும் என்று கட்டட இன்ஜினியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வசதியெல்லாம் இருக்கட்டும். இந்த மிஷினில் நான் அதிகம் மதிப்பது அது வேலை செய்ய மறுப்பதைத்தான்.

தரை சமமாக இல்லாவிட்டால் இது ஏறாது. பக்கவாட்டில் 1.5 டிகிரி, முன்பின்னாக 3 டிகிரி, அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சாய்வு சென்சார் தட்டை நிறுத்திவிட்டு வேகமாகக் கத்த ஆரம்பிக்கும். 1.5 டிகிரி எல்லாம் ஒரு சாய்வா என்று தோன்றும். 76 செ.மீ. அகலத்துக்கு ஒரு பக்கச் சக்கரம் வெறும் 2 செ.மீ. இறங்கியிருந்தாலே 1.5 டிகிரி வந்துவிடும். கீழே 2 செ.மீ. என்றால் மேலே, முழு உயரத்தில், தட்டு 15 செ.மீ. ஒரு பக்கமாகப் போயிருக்கும். அதில் இரண்டு பேர் நின்றுகொண்டு, ஒருவர் தட்டைச் சுற்றியுள்ள கைப்பிடிக் கம்பிக்கு வெளியே கையை நீட்டி டிரில் போடுவதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு கிடங்கில் லோடிங் டாக் பக்கம், லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில், வேலை. தட்டு ஆள் உயரத்தைத் தாண்டியதும் டக்கென்று நின்று கத்தியது. கீழே பேனலின் சின்னத் திரையில் 'எல்எல்' என்று வந்தது. மட்டம் சரியில்லை என்று அர்த்தம். "அண்ணே, சென்சார் போயிடுச்சு போல. தரை கண்ணாடி மாதிரி இருக்கு, பாருங்க" என்றான் மேலே நின்ற பையன். பார்க்க அப்படித்தான் இருந்தது. இறக்கி, மிஷினை நகர்த்தி, சக்கரம் நின்ற இடத்தில் மட்டப் பலகையை வைத்துப் பார்த்தோம். மழைநீர் வாய்க்காலை மூடியிருந்த இரும்புத் தகடு அது. எபாக்ஸி பெயின்ட் தரையோடு தரையாக ஒரே நிறத்தில் அடித்திருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் அமுங்கியிருந்தது. தகட்டின் ஓரத்தைத் தட்டினால் கணீரென்று வெற்றுச் சத்தம் வந்தது. அடியில் தாங்கு கம்பி ஒன்று துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. அந்த மிஷின் நிற்காமல் இருந்திருந்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்பதை யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அதே நேரம் வாடகைக் கம்பெனி மெக்கானிக்குக்குப் போன் போட்டிருந்தோம். கம்பெனி பெயர் வேண்டாம். "சார், அந்த சென்சாரை ஷார்ட் பண்ணிட்டா ஓடும், ஒயர் கலர் சொல்லவா?" என்றார். இந்தப் பேச்சுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. சைட்டுக்கு சைட் இதைக் கேட்கிறேன். ஜாய்ஸ்டிக்கில் விரலால் அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும் சுவிட்ச் ஒன்று உண்டு. கையை எடுத்தால் மிஷின் நிற்க வேண்டும் என்பதற்காகவே வைத்தது. அதை டேப் போட்டுச் சுற்றி வைத்திருந்த மிஷினையும் எங்களிடம் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். விரல் வலிக்கிறதாம். டேப்பைப் பிரித்த பிறகுதான் பையன்களை ஏற விட்டேன். மிஷின் மறுக்கிறது என்றால் அதைக் கேட்டு இறங்குங்கள், தரையைப் பாருங்கள், இடத்தை மாற்றுங்கள். ஒயரைத் தொடாதீர்கள்.

இரண்டாவது மறுப்பு, குழித் தடுப்பு. தட்டு ஏறும்போது இரண்டு பக்கமும் சக்கரங்களுக்கு நடுவே நீளமான இரும்புப் பட்டைகள் தரையை ஒட்டி இறங்கிக்கொள்ளும். ஒரு சக்கரம் குழியில் விழுந்தாலும் மிஷின் அந்தப் பட்டையில் உட்காருமே தவிரக் கவிழாது. பட்டைக்குக் கீழே துண்டு ஒயர், கட்டை, சிமென்ட் கட்டி ஏதாவது மாட்டினால் பட்டை முழுதாக இறங்காது. தட்டும் பாதியிலேயே நின்றுவிடும். எலக்ட்ரிக்கல் வேலையில் வெட்டிப்போட்ட ஒயர்த் துண்டுகள் தரையெல்லாம் கிடக்கும், அதனால் எங்கள் சைட்டில் துடைப்பமும் ஒரு டூல்தான். தட்டு மேலே இருக்கும்போது ஓட்டினால் வேகம் தானாகவே மணிக்கு 0.8 கி.மீ. என்று குறைந்துவிடும். ஆமை வேகம் என்று பையன்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆமை வேகமே போதும்.

ஆனால் இந்த மிஷின் மறுக்கவே மறுக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கூரைக்கடியில் வேலை செய்கிற எங்களுக்குக் கவிழ்வதைவிடப் பெரிய பயம் அதுதான். நசுங்குவது.

பின்னால் ஓட்டும்போது ஆள் கம்பிக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்ப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் பீம் வருவது தெரியாது. அல்லது தட்டை ஏற்றும்போது கண் முழுக்க லைட் மாட்டும் இடத்தில் இருக்கும், தலைக்கு நேர் மேலே டக்ட்டோ ஸ்பிரிங்க்ளர் பைப்போ இருக்கும். பீமுக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொண்டால், அவன் உடம்பே கன்ட்ரோல் பெட்டிமேல் சாய்ந்து ஜாய்ஸ்டிக்கை அழுத்திப் பிடித்துவிடும். மிஷினைப் பொறுத்தவரை அது ஒரு கட்டளை, நிறைவேற்றிக்கொண்டே இருக்கும். அழுத்தம் வந்தால் நிறுத்துகிற கூடுதல் தடுப்புகள் சந்தையில் இருக்கின்றன. எங்களுக்கு வாடகைக்கு வருகிற மிஷின்களில் அவை இருப்பதில்லை.

அதனால் மறுக்கும் வேலையைக் கீழே நிற்கிற ஆள் செய்ய வேண்டும். எங்கள் டீமில் மிஷின் மேலே இருக்கும்வரை கீழே ஒருவர் கட்டாயம். போன் பார்க்கக் கூடாது, மெட்டீரியல் எடுக்கப் போகக் கூடாது. மேலே இருப்பவருக்குப் பின்பக்கமும் தலைக்கு மேலும் அவர்தான் கண். இறக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். கீழ்ப் பேனலில் சாவி எங்கே, சிவப்பு பட்டன் எங்கே, மின்சாரமே இல்லாவிட்டாலும் தட்டை இறக்குகிற அவசர இழுப்புக் குமிழ் எங்கே என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். நாங்கள் எடுக்கும் ஜிஎஸ்-1930-இல் அந்தக் குமிழ் ஏறும் ஏணிக்குப் பின்னால் இருக்கிறது. சொல்லிக் கொடுத்தால் போதாது. மிஷின் வந்து இறங்கியதும் தட்டை இடுப்பளவு ஏற்றி, ஒவ்வொருவரையும் அந்தக் குமிழை ஒருமுறை இழுத்துப் பார்க்க வைக்கிறோம். கைக்குத் தெரிந்ததுதான் பதற்றத்தில் ஞாபகம் வரும்.

தட்டில் ஏற்றக்கூடிய எடை 227 கிலோ வரை. ஆள் இருவர், ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தால் மீதி 77 கிலோதான் டூலுக்கும் லைட்டுக்கும். முன்னால் நீட்டுகிற தட்டில் 113 கிலோதான். பெட்டிகளை எல்லாம் நீட்டிய தட்டில் அடுக்கிவிட்டு இருவரும் அங்கேயே போய் நிற்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். புது மிஷின்களில் எடை சென்சார் இருக்கிறது, அதிகமானால் 'ஓஎல்' காட்டி நின்றுவிடும். பழைய மிஷின்கள் எல்லாவற்றிலும் அது இருக்காது, கணக்கை நாம்தான் போட வேண்டும். எலக்ட்ரீஷியன்களுக்குத் தனியாக ஒன்று: தட்டில் நின்றுகொண்டு கேபிள் இழுக்காதீர்கள். எடை வரம்புக்குள் இருந்தாலும், இழுக்கிற விசை பக்கவாட்டில் தட்டையே இழுக்கும். கேபிளைத் தரையிலிருந்து இழுங்கள், தட்டில் இருப்பவர் ட்ரேயில் வழிநடத்தினால் போதும். அப்புறம், இந்த மிஷின் இன்சுலேட் செய்ததல்ல. மின்சாரம் ஓடும் மேல்நிலைக் கம்பிகளிலிருந்து குறைந்தது 3.05 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 50 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட கம்பி என்றால் இன்னும் அதிகம் தள்ளி.

ஹார்னஸ், அதாவது விழாமல் இருக்க உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை, பற்றி எப்போதும் தகராறு வரும். சிசர் லிஃப்ட்டில் முதல் பாதுகாப்பு சுற்றியுள்ள கம்பிதான். கேட் மூடியிருக்க வேண்டும், இரண்டு காலும் தட்டின் தரையில் இருக்க வேண்டும். நடுக் கம்பியில் ஏறுவது, பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு நிற்பது எதுவும் கூடாது. எங்கள் பக்கத்துக் கிடங்குகளின் சேஃப்டி ஆபீசர்கள் ஹார்னஸும் கேட்கிறார்கள், நாங்களும் போடுகிறோம். கொக்கியை மிஷினில் அதற்கென்று குறித்திருக்கும் வளையத்தில் மட்டும் மாட்டுங்கள், கயிறு குட்டையாக இருக்கட்டும். மேலே இருக்கும் பீமில் மாட்டுகிற பழக்கம் சாரத்திலிருந்து வந்தது. இங்கே அப்படி மாட்டினால் தட்டு இறங்கும்போது ஆள் கயிற்றில் தொங்குவான்.

வெளியில் வேலை என்றால் இந்த மாடலை எடுக்க எனக்கு மனமில்லை. உள்ளே இரண்டு பேர், வெளியே ஒருவர் மட்டும், காற்று நொடிக்கு 12.5 மீட்டருக்குள், அதாவது மணிக்கு 45 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. 2010 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் நோட்ர டேம் பல்கலைக்கழக மைதானத்தில், ஃபுட்பால் பயிற்சியை சிசர் லிஃப்ட்டில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த 20 வயது மாணவர் மிஷினோடு சாய்ந்து இறந்துபோனார். மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் காற்று வீசிய நாள் அது. வேறு மாடல், இதைவிட உயரமானது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஷட்டரைத் திறந்துவைத்து வாசலோரம் வேலை செய்வதற்குக்கூட நான் காற்றைப் பார்க்கிறேன்.

பேட்டரி 6 வோல்ட் நான்கு, மொத்தம் 24 வோல்ட். ராத்திரி சார்ஜ் போட்டால் எங்கள் வேலைக்கு ஒரு நாள் தாராளமாக ஓடுகிறது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றோட்டமான இடத்தில் போடுங்கள், பக்கத்தில் வெல்டிங் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் விட்டுப் பராமரித்திருக்கிறார்களா என்பது அந்த வாடகைக் கம்பெனி எப்படிப்பட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை மூடியைத் திறந்தால் தகடுகள் காய்ந்து வெள்ளை பூத்திருந்தன, மத்தியானத்துக்குள் மிஷின் படுத்துவிட்டது. மாற்று மிஷின் கேட்டு அன்று முழுக்கப் போனில்தான் போனது.

ஆப்பரேட்டர் விஷயத்தில், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய பையன்கள் சிலர் ஐபாஃப் கார்டு வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரித் தூக்கு மிஷின்களுக்கான சர்வதேசச் சங்கம் தரும் பயிற்சி அட்டை அது. அதில் 3ஏ என்று இருந்தால் சிசர் லிஃப்ட் பயிற்சி, ஐந்து வருஷம் செல்லும். அவர்கள் ஏறுவதற்கு முன் மிஷினைச் சுற்றி வருகிற விதமே வேறு. எண்ணெய்க் கசிவு, டயர் வெட்டு, கம்பியின் பின்கள், கேட் தாழ் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பையன்களுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும். ஃபோர்க்லிஃப்ட் பேலட்டில் ஆளை நிறுத்தித் தூக்குகிற சைட்டுகளுக்கு நான் வேலைக்கே போவதில்லை.

சரி, எடுக்கலாமா? கூரை 7 மீட்டருக்குள், தரை நல்ல கான்கிரீட், உள்வேலை என்றால் தயங்காமல் எடுங்கள். கூரை அதற்கு மேல் என்றால் ஜிஎஸ்-3246 போல உயரமானதைக் கேளுங்கள். வாடகை கூடத்தான் வரும், அதை கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள். பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் தருகிறார்கள், லாரி வாடகை தனி. இறக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். தட்டில் இருக்கும் பெட்டியில் ஆப்பரேட்டர் கையேடு இருக்கிறதா? கடைசியாக சர்வீஸ் பார்த்த தேதி எங்கே? ஒரு பக்கச் சக்கரங்களுக்குக் கீழே கட்டை வைத்து, ஆள் ஏறாமல் தரையில் நின்றபடியே தட்டை ஏற்றினால், சாய்வு சென்சார் நின்று கத்துகிறதா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், டிரைவர் கிளம்புவதற்கு முன்பே அதே லாரியில் திருப்பி ஏற்றச் சொல்லிவிடுங்கள்.